ஈபி டெண்டருக்கு டிஎன்டெண்டர்ஸ் தளம்: விலை பத்திரம், மற்றதெல்லாம் உங்கள் பொறுப்பு

தமிழ்நாட்டில் மின்வாரிய வேலை எடுக்க நினைக்கிறவர் கடைசியில் வந்து நிற்கும் வாசல், மாநில அரசின் இணைய டெண்டர் தளமான டிஎன்டெண்டர்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் சப்ளை, 11 கேவி லைன் இழுப்பது, துணை மின்நிலையத்துக்குச் சுற்றுச்சுவர் என்று எதுவானாலும் பெரும்பாலானவை இங்கேதான் வருகின்றன. வாரியம் 2010 நவம்பரில் டான்ஜெட்கோ, டான்டிரான்ஸ்கோ என்று பிரிந்தது. 2024இல் டான்ஜெட்கோவும் மூன்றாகி, விநியோகம் டிஎன்பிடிசிஎல், உற்பத்தி டிஎன்பிஜிசிஎல், பசுமை மின்சாரம் டிஎன்ஜிஇசிஎல் என்று ஆனது. பெயர்ப்பலகை எத்தனை முறை மாறினாலும் காண்ட்ராக்டர் வாயில் அது ஈபிதான், டெண்டர் பெட்டி இந்தத் தளம்தான்.

தளத்தை நடத்தும் மென்பொருள் மத்திய அரசின் தேசியத் தகவலியல் மையமான என்ஐசி செய்தது. மத்திய அரசின் பொதுக் கொள்முதல் தளம், என்டிபிசி, கோல் இந்தியா எல்லாம் இதே மென்பொருளின் வேறு வேறு பதிப்புகளில்தான் டெண்டர் விடுகின்றன. இங்கே கை பழகியவருக்கு அங்கே எதுவும் புதிதாகத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு தளத்திலும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். பவர்கிரிட் மட்டும் தனக்கென்று பிரணித் என்ற தளத்தை வைத்திருக்கிறது.

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடலாம். உங்கள் விலை போட்டியாளருக்குக் கசியாமல் காப்பதில் இந்தத் தளத்துக்குப் பத்துக்கு ஒன்பது. நீங்கள் தவறான காகிதத்தைப் போட்டால் "இது தவறு" என்று எச்சரிப்பதில் பத்துக்கு ஒன்று. கோப்பு இருக்கிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும். அனுபவச் சான்றிதழ் கேட்ட இடத்தில் ரேஷன் கார்டை ஏற்றினாலும் "வெற்றிகரமாகச் சமர்ப்பிக்கப்பட்டது" என்று ரசீது வரும். அந்த ரசீதை நம்பி நிம்மதியாகத் தூங்குகிறவர்கள்தான் தொழில்நுட்பக் கவர் (தகுதிக் காகிதங்கள் உள்ள முதல் கவர்; விலை இரண்டாவதில்) திறக்கும் நாளில் வெளியே போகிறார்கள்.

பதிவும் டோக்கனும்

பதிவுக்குக் கட்டணம் இல்லை. மின்னஞ்சல் முகவரிதான் லாகின் ஐடி. அதனால் கணக்குப் பிள்ளையின் சொந்த மெயிலைக் கொடுக்காதீர்கள். அவர் வேலையை விட்டுப் போகும்போது திருத்த அறிவிப்புகளும் அவரோடு போய்விடும். நிறுவனத்துக்கென்று ஒரு மெயில், உரிமையாளர் கையில் இருக்கும் ஒரு கைபேசி எண், அவ்வளவு போதும்.

செலவு டிஎஸ்சிக்கு, அதாவது மின்னணுக் கையொப்பத்துக்கு. 2021 ஜனவரியோடு இரண்டாம் வகுப்புச் சான்றிதழ் ஒழிந்தது. இப்போது மூன்றாம் வகுப்பு மட்டும்தான். கையொப்பத்தை வைத்திருக்கும் பென்டிரைவ் மாதிரியான யுஎஸ்பி டோக்கனோடு சேர்த்து சில ஆயிரம் ரூபாய் ஆகும். வாங்கும்போது கையொப்பம், மறையாக்கம் இரண்டும் சேர்ந்த காம்போவாகக் கேளுங்கள். இந்தத் தளத்துக்குக் கையொப்பமே போதும் என்றாலும், நாளைக்கு வேறு தளத்தில் இறங்கும்போது மறையாக்கச் சான்றிதழும் கேட்பார்கள். இரண்டு வருடச் சான்றிதழ் எடுத்தால் முடியும் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். காலாவதிக்கு ஒரு மாதம் முன்பே புதுப்பித்து, புதிய சான்றிதழைத் தளத்தில் மறுபடி பதிந்துவிட வேண்டும். கடைசி நாள் மாலை மூன்று மணிக்கு "சான்றிதழ் செல்லாது" என்று திரையில் வந்தால் அந்த டெண்டரை மறந்துவிட வேண்டியதுதான்.

டிஎஸ்சி யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தனியாள் நிறுவனத்தில் உரிமையாளர் பெயர் என்பதால் சிக்கல் கிடையாது. பார்ட்னர்ஷிப்பிலோ கம்பெனியிலோ ஒருவர் கையொப்பம் போட்டால், அவருக்கு அந்த அதிகாரம் கொடுத்த பவர் பத்திரமோ இயக்குநர் குழுத் தீர்மானமோ முதல் கவரில் இருக்க வேண்டும். டோக்கன் மேனேஜர் பெயரில் இருக்கும், பவர் பத்திரம் மேனேஜிங் பார்ட்னர் பெயரில் இருக்கும். இந்த ஒரு பொருத்தமின்மை போதும், தள்ளுபடிக்கு.

கணினி விஷயத்தில் தளம் கொஞ்சம் பழைய வீட்டு மாமியார் மாதிரி. ஜாவா வேண்டும், டோக்கனுக்கான டிரைவர் வேண்டும், கையொப்பம் போடும் சிறு செயலி பின்னால் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஆன்டிவைரஸ் அந்தச் செயலியைத் தடுத்தால் பின் நம்பர் கேட்கும் பெட்டியே வராது. டெண்டர் வேலைக்கென்று ஒரு விண்டோஸ் கணினியை ஒதுக்கி, ஒருமுறை சரியாக அமைத்துவிட்டு, தேவையில்லாமல் அதில் கை வைக்காமல் இருப்பது நல்லது. பின் நம்பரைப் பலமுறை தப்பாகப் போட்டால் டோக்கன் பூட்டிக்கொள்ளும். திறக்க விற்றவரிடம்தான் போக வேண்டும்.

தேடுவது

தேடல் வசதி சுமார்தான். சொல்லைப் போட்டுத் தேடினால் வேண்டாதது ஐம்பது வரும், வேண்டியது வராது. ஒரு அலுவலகம் "டிடி அமைத்தல்" (விநியோக டிரான்ஸ்ஃபார்மர்) என்று தலைப்பு வைக்கும், இன்னொன்று "மின்மாற்றி" என்று வைக்கும், மூன்றாவது "மேம்பாட்டுப் பணிகள்" என்பதோடு நிறுத்திக்கொள்ளும். நிறுவனவாரியாகப் பார்க்கும் பட்டியலைத் திறந்து, டிஎன்பிடிசிஎல்லைச் சொடுக்கி, மின்பகிர்மான வட்டம் வட்டமாக இறங்கிப் போவதுதான் நம்பகமான வழி. வாரத்துக்கு இரண்டு முறை, பத்து நிமிடம். தமிழ்நாட்டுக்குள் மட்டும் வேலை செய்கிறவர் தனியார் டெண்டர் அலர்ட் சேவைக்கு வருடச் சந்தா கட்டத் தேவையில்லை; அவர்கள் அனுப்புவதும் இங்கிருந்து எடுத்ததுதான்.

வாரத்துக்கு இரண்டு முறை ஏன் போதும் என்றால், சட்டம் அவகாசம் கொடுக்கிறது. 1998ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் கீழ் 2000இல் வந்த விதிகளின்படி, 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். மேலதிகாரி காரணம் எழுதிக் குறைக்கலாம்; அதுதான் குறுகிய கால டெண்டர். அதில் ஐந்து நாளோ ஏழு நாளோதான் இருக்கும் என்பதால் சான்றிதழ்களை முன்கூட்டியே தயாராக வைத்திருப்பவருக்குத்தான் அது.

பிடித்த டெண்டரை உடனே "ஃபேவரிட்" செய்துவிடுங்கள். அப்படிச் செய்தால்தான் திருத்தம் வரும்போது உங்களுக்குத் தகவல் வரும். திருத்த அறிவிப்பை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தேதி நீட்டிப்பு என்றால் பிரச்சினை இல்லை. விலைப்பட்டியல் கோப்பே மாறியிருந்தால், ஏற்கெனவே சமர்ப்பித்தவரும் புதிய கோப்பில் மறுபடி விலை எழுதிச் சமர்ப்பிக்க வேண்டும். பழையதோடு விட்டவரின் விலை கணக்கில் வராது.

முதல் கவரில்தான் பாதிப் பேர் விழுகிறார்கள்

ஈபி டெண்டரில் பிக்யூஆர் என்று ஒரு பகுதி இருக்கும், தகுதி நிபந்தனைகள். மற்ற எண்பது பக்கத்தை அப்புறம் படிக்கலாம், முதலில் இதைப் படியுங்கள். ஒரு நிபந்தனையில் நீங்கள் தேறவில்லை என்றால் அந்த டெண்டரை மூடிவிட்டு அடுத்ததைப் பாருங்கள். "கேட்டுப் பார்க்கலாம், விட்டுக்கொடுப்பார்கள்" என்பது காகிதக் காலத்துப் பழக்கம். இப்போது யாரை ஏற்றார்கள், யாரை எதற்காகத் தள்ளினார்கள் என்பது தளத்தில் மற்ற போட்டியாளர்களுக்கும் தெரிவதால், அதிகாரியே நினைத்தாலும் தளர்த்த முடியாது.

வேலை டெண்டர் என்றால் மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் ஈஎஸ்ஏ, ஈஏ, ஈபி (இங்கே இது உரிமத் தரம், மின்வாரியம் இல்லை) தரங்களில் எது கேட்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். உயரழுத்த வேலைக்குத் தாழ்வழுத்த உரிமத்தை வைத்துக்கொண்டு இறங்கிப் பயனில்லை. உரிமம் செல்லுபடியாகும் தேதி, டெண்டர் திறக்கும் தேதியைத் தாண்டி இருக்க வேண்டும். புதுப்பிக்கக் கொடுத்த ரசீதை ஏற்பார்களா என்பது டெண்டரில் எழுதியிருந்தால் மட்டுமே.

அனுபவச் சான்றிதழில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: வேலை உத்தரவு எண், வேலையின் மதிப்பு, முடித்த தேதி, டெண்டர் கேட்கிற பதவியில் உள்ள அதிகாரியின் கையொப்பம். செயற்பொறியாளர் மட்டத்தில் கேட்டிருக்கும்போது உதவிப் பொறியாளர் கையொப்பம் எடுபடாது. தனியார் ஆலைக்குச் செய்த வேலையைக் காட்டினால், வருமான வரி பிடித்ததற்கான சான்றையும் சேர்த்து வையுங்கள். இல்லையென்றால் அது நண்பர் கொடுத்த கடிதமாகத்தான் பார்க்கப்படும். "ஒரே உத்தரவில் இத்தனை லட்சம்" என்று கேட்டிருந்தால் மூன்று சின்ன உத்தரவைக் கூட்டிக் காட்ட முடியாது. இந்த "ஒரே" என்ற சொல்லைக் கவனிக்காமல் விட்டவர்கள் ஏராளம்.

விற்றுமுதல் சான்றிதழில் ஆடிட்டர் கையொப்பமும் முத்திரையும் மட்டும் போதாது. யுடிஐஎன் என்ற 18 இலக்க எண் இருக்க வேண்டும். 2019இலிருந்து ஆடிட்டர் தரும் சான்றிதழ்களுக்கு அது கட்டாயம். எண் இருந்தால் அதிகாரி ஆடிட்டர்கள் சங்கத் தளத்தில் தட்டிப் பார்த்துவிடுவார்.

சப்ளை டெண்டரில் கழுத்தை நெரிப்பது டைப் டெஸ்ட் அறிக்கை, அதாவது உங்கள் மாதிரிச் சாதனத்தை ஆய்வகம் சோதித்துத் தரும் சான்று. விநியோக டிரான்ஸ்ஃபார்மர் என்றால் இந்தியத் தரநிலை ஐஎஸ் 1180 முதல் பகுதி, 2014 பதிப்பின்படி ஷார்ட் சர்க்யூட், இம்பல்ஸ், வெப்ப உயர்வுச் சோதனைகள் முடித்த அறிக்கை வேண்டும். பெங்களூரு சிபிஆர்ஐ (மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனம்) மாதிரியான ஆய்வகமோ, ஆய்வகங்களைத் தரம் பார்க்கும் என்ஏபிஎல்லின் அங்கீகாரம் பெற்றதோ கொடுத்திருக்க வேண்டும். இங்கே மூன்று இடத்தில் தவறு நடக்கும். அறிக்கை டெண்டர் அனுமதிக்கும் வயதைத் தாண்டியிருக்கும். கேவிஏ சரியாக இருந்து வோல்டேஜ் விகிதமோ நட்சத்திரத் தரமோ வேறாக இருக்கும். அல்லது சோதனைக்குப் போன டிரான்ஸ்ஃபார்மர் தாமிரச் சுற்று, நீங்கள் இப்போது தருவதாகச் சொல்வது அலுமினியச் சுற்று. மூன்றாவது கேஸில் வாதாட எதுவும் இல்லை, அது வேறு சாதனம். புதிதாக டைப் டெஸ்ட் எடுக்க ஆய்வகத்தில் வரிசை உண்டு. டெண்டர் வந்த பிறகு தொடங்கினால் கைக்கு எட்டாது.

ஸ்கேன் செய்யும்போது 100 டிபிஐ, கறுப்பு வெள்ளை. தளமே சொல்லும் அளவு அது. கைபேசியில் வண்ணப் படமாக எடுத்துச் சேர்த்தால் கோப்பு ஊதிப்போய், ஏற்றும்போது பாதியில் நிற்கும். பான், ஜிஎஸ்டி, உரிமம் மாதிரி எல்லா டெண்டருக்கும் பொதுவானவற்றை உங்கள் கணக்கில் இருக்கும் ஆவணப் பெட்டியில் முன்பே ஏற்றி வைக்கலாம். ஒவ்வொரு முறையும் ஏற்றத் தேவையில்லை. நல்ல வசதி, பலர் பயன்படுத்துவதே இல்லை. ஆனால் அங்கே போன வருட உரிமம் கிடந்தால் அதுதான் போகும்.

இஎம்டி எனும் முன்வைப்புத் தொகையை ஆன்லைனில் கட்டுவதானால் நெட்பேங்கிங்தான் வேகம். என்இஎஃப்டி, ஆர்டிஜிஎஸ் வழி என்றால் தளம் ஒரு சலான் தரும், பணம் போய்ச் சேர்ந்து தளத்தில் பதிய மறுநாள்கூட ஆகலாம். கடைசி நாளில் சலான் எடுப்பவர் பணத்தைக் கட்டியும் டெண்டர் போட முடியாமல் நிற்பார். தோற்றால் கட்டிய கணக்குக்கே திரும்பும் என்பதால் நிறுவனக் கணக்கிலிருந்தே கட்டுங்கள். சிறுதொழில் என்று இஎம்டி விலக்கு கேட்கிறவர், சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவில் எந்தத் தொழில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கேபிள் வியாபாரம் என்று பதிந்துவிட்டுக் கேபிள் தயாரிப்பாளருக்கான விலக்கைக் கேட்டால் கிடைக்காது. வேலை ஒப்பந்தங்களுக்குப் பொதுவாக விலக்கு எதிர்பார்க்க வேண்டாம்.

பிஓக்யூ: ஒரு எக்செல் கோப்பில் எல்லாம்

விலைக் கவரில் இருப்பது பிஓக்யூ எனும் அளவு, விலைப் பட்டியல்; ஒரே ஒரு எக்செல் கோப்பு. தளத்திலிருந்து இறக்கிய அதே கோப்பு, அதே பெயரில் திரும்பப் போக வேண்டும். இரண்டாவது முறை இறக்கும்போது கணினி தானாகப் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறியில் 1 சேர்த்துவிடும். அதை அப்படியே ஏற்றினால் தளம் ஏற்காது. மேக்ரோவை இயக்க அனுமதி கொடுத்துத் திறக்க வேண்டும். லிப்ரே ஆபீஸில் திறந்து சேமித்தால் உள்ளே உள்ள பூட்டும் சூத்திரமும் கலையும், "திருத்தப்பட்ட கோப்பு" என்று தள்ளுபடி ஆகும். எழுதக்கூடிய கட்டங்கள் வேறு நிறத்தில் தெரியும்: நிறுவனத்தின் பெயர், விலை, சிலவற்றில் ஜிஎஸ்டி. அதைத் தாண்டி எதையும் தொட வேண்டாம்.

இரண்டு வகை பிஓக்யூ உண்டு. ஒன்றில் ஒவ்வொரு வரிக்கும் விலை எழுத வேண்டும். மற்றொன்றில் எஸ்டிமேட்டுக்கு எத்தனை சதவீதம் கூடுதல் அல்லது குறைவு என்று ஒரே எண். சதவீத வகையில் நடக்கும் விபத்து சின்னது, வலி பெரியது: கீழிறங்கும் பட்டியலில் "குறைவு" என்பதற்குப் பதில் "கூடுதல்" தேர்ந்திருக்கும். 4.5 சதவீதம் குறைவு என்று நினைத்து 4.5 சதவீதம் கூடுதலாகப் போட்டவர் முதலிடத்திலிருந்து கடைசிக்குப் போவார். எண்ணை அடித்ததும் கீழே மொத்தத் தொகை எழுத்தில் வரும். அந்த எழுத்து வரியை வாய்விட்டுப் படியுங்கள்.

வரி விலை வகையில் அலகுதான் வில்லன். கம்பி இழுக்கும் வரியில் அளவு 12 என்று இருக்கிறது, அலகு கிலோமீட்டர். உங்கள் மனதில் ஓடுவது மீட்டர் கணக்கு, 48 ரூபாய். எழுதிவிட்டால் அந்த வரியின் மொத்தம் 576 ரூபாய். வர வேண்டியது 5,76,000. மற்ற வரிகளுக்கு நடுவில் இது கண்ணில் படாது, எல்1, அதாவது குறைந்த விலைக்காரர், ஆகிவிடுவீர்கள். பிறகு வேலையை மறுத்தால் இஎம்டி போகும், அதோடு தடைப்பட்டியல் பயமும் உண்டு. மின்கம்பம் நடுவதில் "ஒன்று" என்பதும், மண் தோண்டுவதில் "கனமீட்டர்" என்பதும், எர்த்திங்கில் "செட்" என்பதும் இப்படித்தான் காலை வாரும். விலை எழுதியவரைத் தவிர வேறொருவர் அலகுப் பத்தியை மட்டும் ஒருமுறை மேலிருந்து கீழே பார்ப்பது நல்ல வழக்கம்.

விலையை உறுதி செய்யும் முன் விலை மாறுபாட்டு நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மர், கேபிள் டெண்டர்களில் மின்சாதனத் தயாரிப்பாளர் சங்கமான ஐஈஈஎம்ஏவின் சூத்திரப்படி தாமிரம், அலுமினியம், டிரான்ஸ்ஃபார்மர் உள்ளே போகும் சிஆர்ஜிஓ எஃகுத் தகடு ஆகியவற்றின் விலை ஏறினால் உங்களுக்குக் கூடும், இறங்கினால் குறையும். அடிப்படை மாதம் எது என்பது முக்கியம். "நிலையான விலை" என்று எழுதியிருந்தால் அலுமினியம் எங்கே போனாலும் உங்கள் தலையில்தான். அந்த அபாயத்துக்கும் சேர்த்து விலை போடுங்கள்.

காசு ஓட்டக் கணக்கையும் இப்போதே போட வேண்டும். உதாரணத்துக்கு ஜிஎஸ்டி நீங்கலாக 60 லட்சம் ரூபாய் வேலை என்று வையுங்கள். பாதுகாப்பு வைப்பு 5 சதவீதம் என்றால் 3 லட்சம். வருமான வரிப் பிடித்தம் கம்பெனிக்கு 2 சதவீதம், 1.2 லட்சம். ஜிஎஸ்டியில் பிடித்தம் 2 சதவீதம், இன்னொரு 1.2 லட்சம். கட்டுமானத் தொழிலாளர் நலவரி 1 சதவீதம், 60 ஆயிரம். ஆக 6 லட்சம் உங்கள் கைக்கு வராமல் வெளியே நிற்கும். இதில் நலவரி திரும்பவே வராது, மற்றவை எப்போதாவது வரும். எம்-புக் எனும் அளவுப் புத்தகம் எழுதி, பில் பாஸாகிப் பணம் வரும்வரை கூலி, டீசல் எல்லாம் சொந்தக் காசில். தாமதமானால் வாரத்துக்கு அரை சதவீதம் மாதிரியான அபராதமும் பெரும்பாலான டெண்டரில் உண்டு. தளத்தில் இதற்கெல்லாம் இடமே கிடையாது. உத்தரவு கொடுத்த பிறகு பில் எங்கே இருக்கிறது என்று பார்க்கும் வசதி இல்லாதது பெரிய குறை.

ஃப்ரீஸ் செய்யாமல் எழுந்திருக்காதீர்கள்

எல்லாக் கோப்பும் ஏறிவிட்டது, பச்சை டிக் தெரிகிறது, சேமித்தாகிவிட்டது. இன்னும் டெண்டர் போட்டதாக அர்த்தம் இல்லை. "ஃப்ரீஸ் பிட் சப்மிஷன்" என்ற பொத்தானை அழுத்தி, பிட் ஐடியும் தேதியும் நேரமும் உள்ள ரசீது வந்தால்தான் முடிந்தது. அதை அழுத்தாமல் சேமித்ததோடு விட்ட டெண்டர் திறக்கும்போது பட்டியலிலேயே இருக்காது. இவ்வளவு முக்கியமான பொத்தானை இன்னும் பெரிதாக, சிவப்பாக வைத்திருக்கலாம்.

நேரம் என்பது உங்கள் கைக்கடிகார நேரம் கிடையாது, திரையில் ஓடும் சர்வர் நேரம். மூன்று மணி என்றால் மூன்று மணிக்குக் கதவு மூடும். கடைசி ஒரு மணி நேரத்தில் எல்லோரும் ஏற்றுவதால் தளம் மந்தமாகும். முந்தைய நாளே போட்டுவிடுங்கள். விலை கசியும் என்ற பயம் தேவையில்லை, காரணம் கீழே வருகிறது. மனம் மாறினாலும் கெடு முடியும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிச் சமர்ப்பிக்கலாம், கடைசியாகப் போட்டதுதான் நிற்கும். ஒன்றே ஒன்று, "வித்ட்ரா" பக்கம் போகாதீர்கள். திரும்பப் பெற்றால் அதே டெண்டரில் மறுபடி நுழைய முடியாது. விலையை மாற்ற வேண்டும் என்றால் மறுசமர்ப்பிப்பு, திரும்பப் பெறுதல் கிடையாது.

விலை கசியாது என்று உறுதியாகச் சொல்லக் காரணம் உண்டு. நீங்கள் ஏற்றும்போதே கோப்பு, டெண்டர் திறக்கும் அதிகாரிகளின் சாவியால் பூட்டப்படுகிறது. நான்கு அதிகாரிகளை நியமித்தால் அதில் இருவராவது தங்கள் டோக்கனோடு வந்தால்தான் திறக்கும், அதுவும் குறித்த நேரத்துக்குப் பிறகு மட்டும். தொழில்நுட்பக் கவரில் தேறாதவரின் விலைக் கவர் திறக்கப்படாமலே போகும். வட்ட அலுவலக வராந்தாவில் பெட்டி வைத்து, யார் யார் கவர் போடுகிறார்கள் என்று வாசலிலேயே நின்று கணக்கெடுத்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம். போட்டியாளர்கள் ரிங் சேர்ந்து விலையைப் பேசி வைத்துப் போடுவதை எந்த மென்பொருளும் தடுக்காது, ஆனால் எத்தனை பேர் போட்டார்கள் என்பது திறக்கும்வரை தெரியாததால் ரிங்குக்கும் இப்போது தைரியம் குறைவு.

ஜெம் தளத்தோடு ஒப்பிட்டால்

2016 ஆகஸ்டில் வந்த மத்திய அரசின் ஜெம் இணையச் சந்தை வேறு வகை. அது பொருளுக்கும் சேவைக்கும். லைன் இழுக்கும் வேலை மாதிரியானது அங்கே பொருந்தாது. சோலார் தெருவிளக்கு, எல்இடி, யுபிஎஸ், பேட்டரி விற்கிறவருக்கு அதுதான் இடம். அங்கே மத்திய அரசின் சிறுதொழில் கொள்முதல் கொள்கை நேரடியாக வேலை செய்யும்: 25 சதவீதக் கொள்முதல் சிறு, குறு தொழில்களுக்கு. உங்கள் விலை எல்1 விலையைவிட 15 சதவீதத்துக்குள் இருந்தால், எல்1 விலைக்கே இறங்கிவந்து ஒரு பங்கு ஆர்டர் வாங்கலாம். வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்தச் சலுகை கிடையாது. பொருள் போய்ச் சேர்ந்த 10 நாளில் ஏற்புச் சான்று தர வேண்டும் என்ற விதி அங்கே இருக்கிறது. டிஎன்டெண்டர்ஸில் அப்படி எதுவும் இல்லை. பதிலுக்கு ஜெம்மில் ரிவர்ஸ் ஏலம் உண்டு. எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டே விலையை இறக்கும் அந்தக் கடைசி நிமிடங்களில் லாபம் கரைந்துவிடும். அடிவிலை எவ்வளவு என்று முன்பே காகிதத்தில் எழுதி எதிரில் ஒட்டி வைக்காதவர் அதில் உட்காரக் கூடாது.

இங்கே ரிவர்ஸ் ஏலத்துக்குப் பதில், குறைந்த விலைக்காரரை மட்டும் அழைத்து விலை குறைக்கச் சொல்லிப் பேசலாம் என்று மாநிலச் சட்டம் அனுமதிக்கிறது. இது தெரிந்து எல்லோரும் ஒன்றிரண்டு சதவீதம் கையிருப்பு வைத்துத்தான் விலை போடுகிறார்கள். அளவுக்கு மேல் வைத்தால் பேச்சுக்கே அழைக்க மாட்டார்கள்.

தள்ளுபடி நியாயமில்லை என்று தோன்றினால், டெண்டர் ஏற்பு அதிகாரியின் உத்தரவு கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்ய அதே சட்டத்தின் 11ஆம் பிரிவு வழி தருகிறது. பத்து நாள் என்பது வேகமாக ஓடிவிடும். முடிவு தளத்தில் வந்த அன்றே திரைப் பதிவுகளை எடுத்து வையுங்கள். எந்தக் காரணம் எழுதப்பட்டிருக்கிறது, அந்தச் சான்றிதழ் நீங்கள் ஏற்றிய கோப்பின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஒரே தாளில் எழுதினால் பாதி வேலை முடிந்தது. பிடிஎஃப்பில் பக்க எண் போடாதவர்கள் இந்த இடத்தில்தான் வருந்துவார்கள்.

தோற்ற டெண்டரிலிருந்தும் எடுக்க ஒன்று இருக்கிறது, தளத்தில் அதிகம் கவனிக்கப்படாத பகுதியும் அதுதான். விலை திறந்ததும் ஒப்பீட்டு அட்டவணையைத் தளமே தயாரிக்கிறது: யார் எந்த வரிக்கு எவ்வளவு போட்டார்கள், மொத்தத்தில் யார் எந்த இடம். ஒரே வட்டத்தின் கடைசி ஆறு அட்டவணைகளை இறக்கி வரிசையாக வைத்துப் பாருங்கள். யார் எப்போதும் எஸ்டிமேட்டுக்கு எத்தனை சதவீதம் கீழே நிற்கிறார், யார் கேபிள் வரியில் மட்டும் குறைத்துக் கூலியில் எடுக்கிறார், எந்த மாதத்தில் போட்டியாளர் எண்ணிக்கை இரண்டுக்கு இறங்குகிறது என்று தெரியும். அலர்ட் சேவைக்காரர்கள் காசுக்கு விற்கும் "சந்தை அறிக்கை" பெரும்பாலும் இதே அட்டவணைதான். இங்கே இலவசம், "டெண்டர் நிலை" பக்கத்தில் டெண்டர் ஐடியைப் போட்டால் வரும்.